எட்டுச் சில்லில் ஹொக்கி: வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான பெண்கள் றோலர் ஹொக்கிப் போட்டி பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதி "இது என்ன விளையாட்டு" என்று கேட்கின்றன. மீதிப் பாதி, வெளிநாட்டிலிருந்து வந்து அலுமாரிக்கு மேலே கிடக்கும் சில்லுச் சப்பாத்தைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி (கொக்குவில்): சுவிஸில் இருக்கும் தங்கையின் மகள் றோலர் ஹொக்கி விளையாடுகிறாளாம். படத்தைப் பார்த்தால் பனியும் இல்லை, புல்லும் இல்லை. அப்படியென்றால் எதில் விளையாடுகிறார்கள்? எத்தனை பேர்?

பதில்: வழுவழுப்பான மரத்தளத்தில், அல்லது சீமெந்துத் தளத்தில். ஒவ்வொரு சப்பாத்துக்கும் அடியில் நான்கு சில்லு. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, கார்ச் சில்லு மாதிரி. சில்லுகள் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும் சப்பாத்தில் விளையாடுவது இன்லைன் ஹொக்கி, அது வேறு விளையாட்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் பந்து உருண்டையாக இருக்கிறது, மட்டையும் கட்டை. ஆகவே மருமகள் விளையாடுவது நாங்கள் எழுதியதைத்தான்.

தளத்தின் வழமையான அளவு 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம். சுற்றிவர 1 மீற்றர் உயரத்தில் பலகைச் சுவர், மூலைகள் வளைந்திருக்கும். பந்து மூலைக்குள் போய்ச் செத்துக் கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வளைவு. கோல் சுவரோடு ஒட்டி நிற்காது, முன்னுக்குத் தள்ளி நிற்கும். அதனால் கோலுக்குப் பின்னாலும் ஓடி விளையாடலாம். கோலின் உள்ளளவு அகலம் 1.70 மீற்றர், உயரம் 1.05 மீற்றர். ஒரு சாப்பாட்டு மேசையைச் சரித்து வைத்தால் ஏறக்குறைய அதை மறைத்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்: நான்கு ஆட்டக்காரிகள், ஒரு கோல்காப்பாளர். அணியில் பெயர் பதியக்கூடியவர்கள் பத்துப் பேர், அதில் இரண்டு கோல்காப்பாளர். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறலாம். பாதிக்கு 25 நிமிடமாக இரண்டு பாதி. நடுவர் விசில் ஊதினால் கடிகாரமும் நிற்கும். ஆகவே 50 நிமிட ஆட்டம் முடிய ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆகும்.

பந்தின் சுற்றளவு 23 சென்ரிமீற்றர், எடை 155 கிராம். கையில் வைத்துப் பார்த்தால் கிரிக்கெட் கடினப் பந்து என்றே சொல்வீர்கள். பெண்களுக்கென்று சின்னக் கோலோ, இலேசான பந்தோ, குறுகிய தளமோ கிடையாது.

கேள்வி (சாவகச்சேரி, ஒரு மாணவி): இணையத்தில் ஒரு ஆட்டம் பார்த்தேன். திரையில் கோல் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு எண் ஏறிக்கொண்டே போகிறது. 9 வந்ததும் இரண்டு அணியும் பயந்து பயந்து விளையாடின. அது என்ன?

பதில்: இந்த விளையாட்டின் உயிர் அந்த எண்ணில்தான் இருக்கிறது. கோலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஆட்டம் பாதிதான் தெரியும்.

அது அணியின் பவுல் கணக்கு. மட்டையில் தட்டியது, இடுப்பைப் பிடித்தது, குறுக்கே காலை வைத்தது என்று ஒவ்வொரு சின்னத் தவறும் ஆட்டக்காரியின் பெயரில் மட்டும் நிற்காது, அணியின் கணக்கிலும் ஒன்று ஏறும். 10ஆவது பவுலில் எதிரணிக்கு ஒரு நேரடி அடி கிடைக்கும். அதன்பிறகு ஐந்துக்கு ஒரு முறை: 15, 20, 25. இடைவேளையோடு கணக்கு அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். முதல் பாதியில் சேர்த்த கடன் இரண்டாம் பாதியிலும் நிற்கும்.

நேரடி அடி எப்படி நடக்கும்? கோல் கோட்டிலிருந்து 7.40 மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளி. அதில் பந்து. அடிப்பவர் ஒருவர், எதிரே கோல்காப்பாளர் ஒருவர், மற்ற எல்லோரும் கிட்ட வராமல் தூர நிற்க வேண்டும். நடுவர் கை காட்டியதும் 5 செக்கனுக்குள் தொடங்க வேண்டும். அங்கிருந்தே அடிக்கலாம், அல்லது பந்தை உருட்டிக்கொண்டு போய்க் கோல்காப்பாளரை ஏமாற்றப் பார்க்கலாம். பழக்கம் குறைந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தெரிவுசெய்து கெட்டுப்போவார்கள். கிட்டப் போகப் போக, குந்தியிருக்கும் கோல்காப்பாளரின் காலும் கையும் 1.70 மீற்றரில் பெரும்பகுதியை மறைத்துவிடும். திறமான ஆட்டக்காரி இரண்டு, மூன்று மீற்றர் மட்டும் உருட்டி, கோல்காப்பாளர் ஒரு பக்கம் சாயும் கணத்தில் மறுபக்கத்து மேல் மூலைக்குத் தூக்கிவிடுவார். கோல் உயரம் 1.05 மீற்றர்தானே, அதிகம் தூக்கத் தேவையில்லை.

நீங்கள் பார்த்த அந்த 9க்கு வருவோம். 2–2 என்று சமநிலை, 12 நிமிடம் இருக்கிறது, ஒரு அணி 9இல், மற்றது 6இல் நிற்கிறது என்று வையுங்கள். 9இல் நிற்கும் அணியின் தடுப்பாட்டக்காரி இனி மட்டையைப் பந்துக்கு நீட்டவே யோசிப்பார். உடம்பை மட்டும் இடையில் வைத்துப் பின்வாங்குவார். எதிரணி இது தெரிந்து வேண்டுமென்றே பந்தை மட்டைக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தட்டு வாங்கப் பார்க்கும். பயிற்றுநர் அவசரக்காரியை வெளியே எடுத்து, நிதானமானவரை உள்ளே விடுவார். 9 தாண்டி 10 ஆகி, நேரடி அடியும் கோலாகாமல் போனால் அந்த அணி பெருமூச்சு விடும். அடுத்த கண்டம் 15இல்தானே. அதனால் 10ஆவது பவுலை ஆபத்தில்லாத நேரத்திலேயே கொடுத்து முடித்துவிடும் அணிகளும் உண்டு. மோசமான யோசனை என்று சொல்ல மாட்டோம், ஆனால் நல்ல கோல்காப்பாளர் இருந்தால் மட்டும்.

பெனல்டி வேறு. அது கோலுக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள் பெரிய தவறு நடந்தால், தூரம் 5.40 மீற்றர்.

இன்னொரு கடிகாரத்தையும் கவனியுங்கள். பந்தைத் தன்வசம் வைத்திருக்கும் அணி 45 செக்கனுக்குள் கோலை நோக்கி அடிக்க வேண்டும். ஒரு கோல் முன்னிலை எடுத்துவிட்டுப் பந்தை இங்கும் அங்கும் கொடுத்து நேரத்தைக் கொல்ல முடியாது.

கேள்வி (மானிப்பாய்): மஞ்சள், சிவப்பு அட்டை தெரியும். நீல அட்டை எதற்கு?

பதில்: ஆபத்தான அல்லது வேண்டுமென்றே செய்த தவறுக்கு. நீலம் வாங்கியவர் 2 நிமிடம் வெளியே. அணி ஒருவர் குறைவாக விளையாடும். அதற்குள் கோல் வாங்கினால் ஆள் திரும்பச் சேரலாம். அதோடு எதிரணிக்கு நேரடி அடியும் உண்டு. சிவப்பென்றால் அந்த ஆட்டத்துக்கு அவர் முடிந்தார், அணி 4 நிமிடம் வரை ஆள் குறைவு.

கேள்வி (பருத்தித்துறை): இந்தக் கிண்ணத்தை வழமையாக யார் எடுக்கிறார்கள்? ஒலிம்பிக்கில் இருக்கிறதா?

பதில்: பெண்கள் கழகங்களுக்கான ஐரோப்பியக் கிண்ணம் 2006–07 பருவத்தில் தொடங்கியது. தொடக்கம் முதலே ஸ்பெயின் கழகங்களின் கைதான் ஓங்கியிருக்கிறது. வடக்குக் கரையிலுள்ள துறைமுக நகரான ஹிஹோனின் கழகமும், கத்தலோனியாவின் வொல்த்ரேகா கழகமும் மாறி மாறிப் பல தடவை வென்றன. பின்னர் பலாவு தே பிளெகமான்ஸ் கழகம் தலையெடுத்தது. 2015இல் லிஸ்பனின் பென்பிக்கா வென்றபோதுதான் கிண்ணம் முதல் தடவையாகப் போர்த்துக்கலுக்குப் போனது.

வொல்த்ரேகா என்பது சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் ஊர். எங்கள் ஊர்களில் ஒரு நடுத்தரக் கிராமத்துக்குக் கூட நிகராகாது. அங்கே பிள்ளைகள் நடக்கத் தொடங்கிச் சில வருடத்திலேயே சில்லுச் சப்பாத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஊருக்கு நடுவே கூரை போட்ட தளம், ஒரே கழகத்தில் குழந்தைகள் முதல் மூத்தோர் வரை. பெண்களுக்கான தேசிய லீக் ஸ்பெயினில் 2008–09இல் தொடங்கியதும் வாராவாரம் கடினமான ஆட்டம் கிடைத்தது. ஐரோப்பியக் கிண்ணத்தை அவர்கள் வெல்வதற்கு அதற்குமேல் காரணம் தேடத் தேவையில்லை.

இத்தாலி, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, இங்கிலாந்துக் கழகங்களும் விளையாடுகின்றன. ஜேர்மனியில் இசர்லோன், பிரான்ஸில் கூத்ரா போன்ற கழகங்களின் பெண்கள் அணிகள் இப்போட்டியில் விளையாடியதுண்டு. பாரிஸ் பக்கம் உறவினர் இருப்பவர்கள் கவனிக்க: நுவாசி-லு-கிறான் புறநகரில் றோலர் ஹொக்கிக் கழகம் உண்டு.

போட்டி நடத்தும் முறை அடிக்கடி மாறியிருக்கிறது. சில சுற்றுகளில் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என இரண்டு ஆட்டம் ஆடி மொத்தக் கோலைக் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஆட்டத்தில் 5–2 என்று தோற்ற அணி இரண்டாவதில் 4–1 என்று வென்றால் மொத்தம் 6–6. பிறகு 5 நிமிடமாக இரண்டு மேலதிகப் பாதி, அதுவும் சமமென்றால் பெனல்டி. ஆகவே முதல் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் போடும் ஒரு கோல், தோல்வி உறுதியான பிறகும் பெறுமதியானது. கடைசி நான்கு அணிகள் ஒரே இடத்தில் கூடி, சனி அரையிறுதி, ஞாயிறு இறுதி என்று முடிக்கும் முறையும் உண்டு.

ஒலிம்பிக்: 1992 பார்சிலோனாவில் காட்சி விளையாட்டாக மட்டும் வந்தது, அதுவும் ஆண்களுக்கு. ஆர்ஜென்டினா வென்றது. பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணமும் அதே 1992இல்தான் நடந்தது.

கேள்வி (உரும்பிராய்): இரவு 8 மணி ஆட்டம் என்று போட்டிருந்தார்கள். 8 மணிக்குப் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், ஒன்றுமில்லை.

பதில்: அது அவர்களின் 8 மணி. குளிர்காலத்தில் ஸ்பெயின், இத்தாலி, ஜேர்மனி, சுவிஸ் நேரத்தோடு நாலரை மணித்தியாலம் கூட்டுங்கள்: இரவு 8 என்றால் எங்களுக்கு நள்ளிரவு 12.30. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள். அப்போது மூன்றரை கூட்டினால் போதும், ஆட்டம் 11.30க்கு. போர்த்துக்கல் அவர்களை விட ஒரு மணித்தியாலம் பிந்தியது: குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. ஆட்டம் எந்த நாட்டில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள், அணியின் நாட்டைப் பார்க்க வேண்டாம். முக்கிய சுற்றுகள் மார்ச் கடைசியைச் சுற்றி வந்தால், ஒரு கிழமைக்குள் கணக்கு மாறிவிடும்.

கேள்வி (சுன்னாகம்): ஜேர்மனியில் இருந்து மாமா பாவித்த நாலு சில்லுச் சப்பாத்து இரண்டு சோடி கொண்டுவந்தார். சில்லு கையால் சுற்றினால் ஒரு சுற்றோடு நிற்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இரண்டு நாள் நன்றாகச் சுற்றியது, இப்போது முன்னையை விட மோசம். என்ன செய்யலாம்?

பதில்: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வேண்டாம். காற்றுப் பட்டால் பிசுபிசுக்கும், எங்கள் ஊர் மணல் அதில் ஒட்டி அரைக்கும் மா மாதிரி வேலை செய்யும். அதைவிட முக்கியம், பெயாரிங்கில் கை வைப்பதற்கு முன் சில்லைப் பாருங்கள்.

சில்லு பொலியூரித்தேன். பல வருடம் ஈரக் காற்றில் கிடந்தால் அது உள்ளுக்குள்ளே உடையும். பெருவிரல் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றாலோ, தொட்டால் ஒட்டினாலோ, துண்டு கழன்றாலோ அந்தச் சில்லு முடிந்தது. ஓடும்போது துண்டாகிப் போகும். நகம் பதியாமல் நழுவினால் பாவிக்கலாம். சப்பாத்தின் அடிப்பாகத்தையும் வளைத்துப் பாருங்கள், பசை விட்டு வாய் பிளக்கிறதா என்று.

சில்லு நல்லதென்றால், அச்சின் நட்டைக் கழற்றுங்கள். 8 மில்லிமீற்றர் அச்சென்றால் பெரும்பாலும் 13ஆம் இலக்க ஸ்பனர் பொருந்தும். சில்லுக்கு இரண்டு பெயாரிங், சோடிக்கு 8 சில்லு, ஆக 16. அதே ஸ்பனர் பிடியையோ அச்சின் நுனியையோ வைத்து நெம்பினால் பெயாரிங் வெளியே வரும். ஆணியால் குத்த வேண்டாம், மூடி நசுங்கும். இரண்டு பெயாரிங்குக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருந்தால் அதைக் கவனமாக எடுத்து வையுங்கள். நிலத்தில் உருண்டு தொலைவது எப்போதும் அதுதான்.

மண்ணெண்ணெயில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்து, இரண்டாம் தடவை புது மண்ணெண்ணெயில் அலசி, துணியில் பரப்பி நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். விரலில் கோர்த்துச் சுழற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. கரகரத்தால் உள்ளே குண்டு துருவேறிப் பொரிந்துவிட்டது, எந்த எண்ணெயும் அதைத் திருத்தாது. நல்லதற்குத் தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி, அதற்குமேல் வேண்டாம். துரு இளக்கத் தெளிக்கும் போத்தல் எண்ணெயைச் சிலர் விடுவார்கள்; அது கழுவும், உராய்வு தாங்காது.

புதிது வாங்கப் போனால் அச்சை வேர்னியரால் அளந்துகொண்டு போங்கள். 8 மில்லிமீற்றர் அச்சுக்கு 608 இலக்கப் பெயாரிங், 7 மில்லிமீற்றர் அச்சுக்கு 627. இரண்டுக்கும் வெளி விட்டம் 22, அகலம் 7. சில்லுக்குள் இரண்டுமே அச்சொட்டாகப் போய் உட்காரும், அதுதான் பிழைக்குக் காரணம். 7 அச்சில் 608 போட்டால் 1 மில்லிமீற்றர் இடைவெளியில் சில்லு ஆடும், சில நாளில் அச்சே தேயும். சின்ன மோட்டர், துரப்பணம் திருத்துபவர்கள் பாவிக்கும் 608தான் இதுவும்; சில்லுச் சப்பாத்துக்கென்று தனி விலை கொடுக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் இரும்பு மூடி உள்ளதையும் றப்பர் மூடி உள்ளதையும் காட்டுவார்கள். றப்பர் மூடி சற்று மெதுவாகச் சுற்றும், ஆனால் சோளகக் காற்றில் மணல் உள்ளே போகாது. அதையே எடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது நட்டைச் சில்லு நிற்கும்வரை இறுக்கி, பிறகு கால் சுற்று இளக்குங்கள். சில்லைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டிக்' என்று ஒரு சிறு அசைவு, அதற்குமேல் இல்லை. உங்கள் சில்லு ஒரு சுற்றோடு நிற்பதற்கு அழுக்கை விட அளவுக்கு மீறி இறுக்கிய நட்டே காரணமாக இருக்கலாம், அதை முதலில் இளக்கிப் பாருங்கள். நட்டுக்குள் உள்ள நைலோன் வளையம் தேய்ந்து கையாலேயே சுற்ற வந்தால் நட்டை மாற்றுங்கள். ஆட்டத்தின் நடுவில் கழன்றோடும் சில்லு இப்படித்தான் கழலும்.

கடைசியாகச் சப்பாத்துக்கும் சில்லுக்கும் நடுவிலுள்ள றப்பர் மெத்தை. வெடித்திருந்தால் திரும்பும்போது சப்பாத்து ஒரு பக்கம் இழுக்கும். நடு ஆணியை இறுக்கினால் கால் உறுதியாக நிற்கும், ஆனால் திரும்பாது. இளக்கினால் திரும்பும், தொடக்கக்காரருக்குக் கால் நடுங்கும். கால் சுற்றுக் கால் சுற்றாக, இரண்டு காலிலும் ஒரே அளவாக மாற்றுங்கள்.

கேள்வி (கரவெட்டி, உடற்கல்வி ஆசிரியர்): எங்கள் பாடசாலையில் சீமெந்து போட்ட வலைப்பந்தாட்டத் தளம் இருக்கிறது. பத்துப் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கலாமா? சுற்றுப் பலகை கட்டாயமா?

பதில்: வலைப்பந்தாட்டத் தளம் 30.5 மீற்றருக்கு 15.25 மீற்றர். விதிப்படி றோலர் ஹொக்கித் தளம் 34க்கு 17 என்ற அளவிலும் குறையக் கூடாது. ஆகவே போட்டி வைக்க முடியாது, பழக்க முடியும். பக்கத்துக்கு மூன்று ஆட்டக்காரிகளும் ஒரு கோல்காப்பாளரும் என்று விடுங்கள். நான்கு பேரை விட்டால் ஒருவர் மட்டை மற்றவர் காலில் படும்.

தளத்தை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் சில்லுக்கும் பள்ளம்தான். வெடிப்புக்கு மேலே சீமெந்துப் பால் பூசினால் ஒரு கிழமையில் செதில் செதிலாக உரியும், உரிந்த செதில் சில்லுக்குள் சிக்கும். வெடிப்பின் வாயை உளியால் ஒரு சென்ரிமீற்றராவது அகட்டி, தூசியை ஊதி, நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு சலித்த மணல் சேர்த்துத் திணித்து, ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். கோடுகளுக்கு எனாமல் பெயின்ற் தடிப்பாக அடிக்க வேண்டாம். காலை ஈரத்தில் அதற்குமேல் சில்லு வழுக்கும்.

சொரசொரப்பான சீமெந்துக்கு 80 முதல் 88 வரை கடினத்தன்மை குறித்த சில்லு சரி. 95, 98 என்று எழுதியவை மரத்தளத்துக்கானவை. எங்கள் தளத்தில் பல்லு அதிரும், மணல் இருந்தால் வழுக்கும். பயிற்சிக்கு முன் தும்புத்தடியால் இரண்டு தடவை கூட்டுவது எந்தச் சில்லையும் விடப் பயன் தரும்.

சுற்றுப் பலகை முழுவதுமென்றால் 90 மீற்றருக்கு மேல் வேண்டும், செலவு. ஒரு முனைக்கு மட்டும் போடுங்கள்: அகலம் 15.25, இரண்டு பக்கமும் 5 மீற்றர், ஆக ஏறத்தாழ 25 மீற்றர். 3 மீற்றர்ப் பலகை ஒன்பது. உயரம் 20 சென்ரிமீற்றர், தடிப்பு 2. ஒன்றரை மீற்றருக்கு ஒரு முட்டு, முட்டின் காலில் மணல் மூட்டை. தளத்தில் ஆணி அறைய வேண்டாம், வலைப்பந்தாட்டப் பயிற்றுநர் சண்டைக்கு வருவார். மூலையில் இரண்டு பலகையும் செங்கோணமாகச் சந்திக்காமல், கட்டைத் துண்டு ஒன்றைச் சரிவாக வைத்து உடைத்துவிடுங்கள். பனஞ்சலாகை மலிவென்று போடலாம் என்று யோசிப்பீர்கள். சிராய் கையில் ஏறும். போடுவதென்றால் சீவி, தேய்த்துப் போடுங்கள். இந்த உயரத்தில் பந்தைத் தூக்கி அடிக்க விடக் கூடாது, உருட்டல் மட்டும்.

முதல் மூன்று கிழமைக்கு மட்டையைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் பிள்ளை அதை ஊன்றுகோலாக்கி, முதுகை வளைத்து, பாரத்தை மட்டையில் போட்டு ஓடப் பழகிவிடும். பிறகு மாற்ற மாதக் கணக்காகும். முதலில் விழுவதும் எழும்புவதும். முழங்கால் மடித்து முன்னுக்கு ஓடுவது, இரண்டு பக்கமும் திரும்புவது, பின்னுக்கு ஓடுவது, நிற்பது. சப்பாத்தின் நுனியில் முன்னாலுள்ள றப்பர்க் கட்டையை நிற்பதற்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். ஆட்டத்தில் அதன் பெரிய வேலை புறப்படுவது: நுனியில் ஏறி இரண்டு, மூன்று எட்டு ஓடி, பிறகு சில்லில் இறங்குவது. பூட்டு நட் இளகியிருந்தால் அந்தக் கட்டை ஓட்டத்தில் கழன்று விழும்; பயிற்சிக்கு முன் கையால் திருகிப் பாருங்கள்.

கேள்வி (அரியாலை): பாடசாலை ஹொக்கி மட்டையால் விளையாடலாமா?

பதில்: பழகலாம், கெட்ட பழக்கம் ஒட்டும். புல்வெளி ஹொக்கி மட்டையில் ஒரு முகம்தான் தட்டை, மறுபக்கத்தால் அடித்தால் பவுல். றோலர் ஹொக்கி மட்டை இரண்டு பக்கமும் தட்டை, இரண்டாலும் விளையாடுவார்கள். மட்டையைச் சுழற்றாமலே பந்தை இடமும் வலமும் இழுப்பதில்தான் அழகு. புல்வெளி மட்டையோடு பழகியவருக்கு மணிக்கட்டைத் திருப்பும் கை போகவே போகாது. தச்சரிடம் சொல்லிச் செய்விக்கலாம். நீளம் 90 முதல் 115 சென்ரிமீற்றருக்குள், எடை 500 கிராமுக்கு மேற்படக் கூடாது, எந்த இடமும் 5 சென்ரிமீற்றர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். வளைவை ஒரே பலகையில் அறுத்தால் மர நரம்பு குறுக்கே ஓடி, அந்த இடத்திலேயே முறியும். மெல்லிய பட்டிகளை வளைத்து ஒட்டினால் நிற்கும். மட்டையைத் தோளுக்கு மேல் தூக்குவது எந்த நிலையிலும் தவறு. முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (நல்லூர், ஒரு தாய்): மகள் கோல்காப்பாளராக நிற்க ஆசைப்படுகிறாள். கிரிக்கெட் சாமான் வீட்டில் இருக்கிறது. அது போதுமா?

பதில்: சில போதும், சில போதாது. பந்து கிரிக்கெட் பந்தளவு என்பதால் கம்பி போட்ட கிரிக்கெட் ஹெல்மெட்டுக்குள் பந்து நுழையாது. மட்டை நுனி நுழையும், கோலுக்கு முன்னால் மட்டைகள் முகத்துக்குக் கிட்டத்தான் வரும். ஆகவே கம்பி இடைவெளி நெருக்கமாக உள்ளதாகவும் கழுத்துக் காப்போடும் இருக்க வேண்டும். கிரிக்கெட் கால்காப்பு நிற்பவருக்குச் செய்தது. றோலர் ஹொக்கிக் கோல்காப்பாளர் முழு ஆட்டமும் குந்தியோ, ஒரு முழங்காலைத் தளத்தில் வைத்தோ இருப்பார். குந்தினால் மேல் மடல் மேலேறி வயிற்றில் குத்தும், முழங்காலின் உட்பக்கம் திறந்து கிடக்கும். பாடசாலை ஹொக்கிக் கோல்காப்பாளரின் பஞ்சுக் கால்காப்பு அதைவிட நல்லது. ஆனால் அதன் பாதக் காப்பு சில்லுச் சப்பாத்துக்கு மேல் ஏறாது, அதை விட்டுவிடுங்கள். மார்புக் காப்பும் வாய்க் காப்பும் இல்லாமல் நிறுத்த வேண்டாம்.

மற்ற ஆட்டக்காரிகளுக்கு முழங்கால் காப்பு, முன்னங்கால் காப்பு, கையுறை மூன்றும் கட்டாயம். புதிதாகப் பழகுபவருக்கு மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும். விழும்போது கையை நேரே ஊன்றுவதால்தான் மணிக்கட்டு முறிகிறது. முழங்காலில் விழுந்து முன்னுக்கு வழுக்கப் பழக்குங்கள். புல்லில் விழுவது போலச் சீமெந்தில் விழ முடியாது.

கேள்வி (பண்டத்தரிப்பு): அக்கா சுவிஸில் இருந்து புதுச் சப்பாத்து அனுப்பப் போகிறா. மகளின் பாட்டா அளவைச் சொன்னேன், அந்த அளவு அங்கே இல்லையாம்.

பதில்: இலக்கத்தைச் சொல்ல வேண்டாம், சென்ரிமீற்றரைச் சொல்லுங்கள். கடதாசியைச் சுவரோரம் வைத்து, குதிக்கால் சுவரில் படும்படி நிற்கச் சொல்லி, நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். விளையாடும்போது போடும் காலுறையோடு, இரண்டு காலையும். பெரியதை எடுங்கள். ஐரோப்பிய இலக்கம் ஒன்று கூடினால் நீளம் 6.67 மில்லிமீற்றர் கூடும், ஆகவே 4 மில்லிமீற்றர் பிழைத்தாலே இலக்கம் மாறிவிடும். வளரும் பிள்ளை என்று இரண்டு இலக்கம் கூட்டி வாங்காதீர்கள். உள்ளே கால் வழுக்கினால் திரும்பும்போது சப்பாத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அளவைப் பின்னேரம் எடுங்கள். காலையில் எடுத்த அளவு, நாள் முழுக்க நடந்து வீங்கிய காலுக்குக் காணாது.